நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் சட்டத்தையும் உரிமையையும் எப்படிச் சொல்வது?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் நான்காம் வகுப்பு எடுக்கிறீர்கள். நவம்பர் 14 முதல் 20 வரை குழந்தைகளின் உரிமைகள் பற்றியும் அவர்களைக் காக்கும் சட்டங்கள் பற்றியும் வகுப்பில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளிடம் போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்), கல்வி உரிமைச் சட்டம் என்றெல்லாம் எப்படிச் சொல்வது, பயந்துவிட மாட்டார்களா, பெற்றோர் சண்டைக்கு வந்தால் என்ன செய்வது, 'உரிமை என்று சொல்லிக் கொடுத்தால் நாளைக்கு நம் பேச்சையே கேட்க மாட்டார்கள்' என்கிற சக ஆசிரியர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், 'ஒருவேளை ஏதாவது ஒரு பிள்ளை எதையாவது சொல்லிவிட்டால்?' என்று எழுதி அதோடு நிறுத்திவிட்டீர்கள். உங்கள் மனதில் உறுத்திக்கொண்டிருக்கும் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். மற்ற எல்லாவற்றுக்கும் விடை அதிலிருந்துதான் வருகிறது.

நான் தொடக்கப் பள்ளி ஆசிரியையாகப் பல ஆண்டுகள் இருந்தவள். பிறகு ஒரு பணிக்காலம், பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகளின் விஷயத்தில் முடிவெடுக்கும் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவில் உறுப்பினராக இருந்தேன். வழக்கறிஞர் இல்லை. சட்டத்தைப் பற்றி இங்கே சொல்வது ஒரு ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அளவுதான். குறிப்பிட்ட ஒரு பிள்ளையின் விஷயத்தில் சட்ட ஆலோசனை வேண்டுமென்றால் உங்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள். பிள்ளைகளுக்கு அங்கே இலவச சட்ட உதவி உண்டு, வருமான வரம்பு பார்க்கமாட்டார்கள்.

ஒன்பது வயதுப் பிள்ளைக்குச் சட்டப் பிரிவு எண்கள் தேவையில்லை. 1989 நவம்பர் 20 அன்று ஐ.நா. பொதுச்சபை குழந்தை உரிமை உடன்படிக்கையை ஏற்றது, இந்தியா 1992-இல் அதில் சேர்ந்தது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும். மனப்பாடம் செய்யவைத்து ஐந்து மதிப்பெண் கேள்வியாக்கிவிட்டால் அந்தப் பாடம் அத்தோடு செத்துவிடும். அவர்களுக்குப் புரிய வேண்டியது ஒன்றுதான்: பதினெட்டு வயது ஆகாத எல்லாரும் சட்டத்தின் கண்ணில் குழந்தைகள். குழந்தைகளுக்காக நாடு எழுதிவைத்திருக்கும் சட்டங்கள் எல்லாமே பெரியவர்கள் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது என்று சொல்பவை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நம் வகுப்புகளில் பெரும்பாலும் இது தலைகீழாகிவிடுகிறது. 'நீதான் கவனமா இருக்கணும், நீதான் கத்தணும், நீதான் ஓடணும்' என்று முடிக்கிறோம். தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியாமல் போன பிள்ளை, தப்பு தன்னுடையது என்று நினைத்துக்கொண்டு அதற்குப் பிறகு வாயே திறக்காது. போக்சோ சட்டத்திலேயே, குற்றத்தைத் தெரிந்தும் சொல்லாமல் இருந்த பெரியவருக்குத் தண்டனை உண்டு, சொல்லாமல் இருந்த குழந்தைக்குக் கிடையாது. பாடம் நடத்தும்போதும் பொறுப்பை அதே இடத்தில் வையுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது? உடம்பிலிருந்து வேண்டாம். பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்குங்கள், அது அவர்கள் தினமும் பார்ப்பது. ஒரு கதை சொல்லுங்கள். செல்வியின் அப்பா அம்மா செங்கல் சூளை வேலைக்காக வேறு மாவட்டத்துக்குப் போகிறார்கள், செல்வியும் போகிறாள். அங்கே பக்கத்துப் பள்ளியில் 'டி.சி. கொண்டு வந்தால்தான் சேர்ப்போம்' என்கிறார்கள். செல்வி என்ன செய்வாள்? பிள்ளைகள் ஆளுக்கொன்று சொல்வார்கள். 'திரும்ப ஊருக்குப் போய் வாங்கிட்டு வரணும்', 'அடுத்த வருஷம் சேரணும்', 'சூளையிலயே தம்பியப் பாத்துக்கணும்.' கடைசியில் நீங்கள் சொல்லலாம்: 2009-இல் போட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம், டி.சி. வரத் தாமதம் என்பதற்காக ஒரு பிள்ளையைச் சேர்க்காமல் இருக்கக்கூடாது என்கிறது. பிறப்புச் சான்றிதழ் இல்லை என்றும் திருப்பி அனுப்பக்கூடாது. நடுவில் படிப்பு விட்டுப்போன பிள்ளையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதைத் தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். வகுப்பில் இடம்பெயர்ந்து வந்த பிள்ளை ஒன்று இருந்தால் அன்று அதன் முகத்தைப் பாருங்கள். தனக்காக ஒரு சட்டம் எழுதப்பட்டிருக்கிறது என்பது அதற்கு முதல்முறை தெரிந்திருக்கும்.

சத்துணவும் இப்படித்தான். தமிழ்நாட்டில் 1982-இல் வந்த சத்துணவுத் திட்டத்தைப் பிள்ளைகளின் தாத்தா பாட்டிக்கே தெரியும். ஆனால் 2013-இல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் மதிய உணவு ஒரு சட்ட உரிமை என்பது ஆசிரியர்கள் பலருக்கே தெரியாது. தட்டைப் பிடித்து வரிசையில் நிற்கிற பிள்ளைக்கு 'இது யாரோ போடுற சோறு இல்ல, உனக்குச் சேர வேண்டியது' என்று தெரிவது பெரிய விஷயம். அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வேலையைப் பற்றிய பகுதியில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் சட்டத்தோடு உண்மையாகவே மல்லுக்கட்டுகிற இடம் இது. பதினான்கு வயதுக்குள் உள்ளவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக்கூடாது என்று 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் சொல்கிறது. சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் பிள்ளைகள் படும் பாடு பற்றி 1996-இல் உச்சநீதிமன்றம் தந்த தீர்ப்பெல்லாம் இதன் பின்னணி. ஆனால் அதே திருத்தம், பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத வகையில், தன் குடும்பத்துக்கு உதவலாம் என்று ஒரு வாசலையும் திறந்துவைத்திருக்கிறது. வகுப்பில் கேளுங்கள்: சாயங்காலம் அம்மாவின் இட்லிக் கடையில் தட்டு எடுத்துக் கொடுப்பது சரியா? காலையில் நாலு மணிக்கு எழுந்து மாவாட்டிவிட்டு வகுப்பில் தூங்கி விழுவது? தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கு வராமல் இருப்பது? சித்தப்பாவின் மெக்கானிக் கடையில் லீவு நாளில் நிற்பது? கை தூக்காத பிள்ளையே இருக்காது. 'எங்க வீட்ல நான் மட்டும்தான் மிஸ் பாத்திரம் கழுவுறேன், அண்ணன் கழுவ மாட்டான்' என்று ஒரு பெண் பிள்ளை சொல்லும். சட்டம் அதற்குப் பதில் சொல்லாது. ஆனால் அந்தக் கேள்வியைத் தள்ளிவிடாதீர்கள். அந்தக் குடும்ப வாசல் வழியாக நிறைய உழைப்பு மறைந்துபோகிறது என்று அன்றைக்கே அதை விமர்சித்தவர்கள் உண்டு. என் அனுபவமும் அதுதான். எனவே 'குடும்ப வேலைதானே' என்று நாம் முடிவு சொல்லிவிடாமல், படிப்பும் தூக்கமும் விளையாட்டும் மிஞ்சுகிறதா என்று பிள்ளைகளையே அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அப்படி வேலைக்குப் போகும் பிள்ளை வகுப்பிலேயே இருக்கும். அதன் பெற்றோரைக் குற்றவாளியாகக் காட்டும் ஒரு சொல்கூட வந்துவிடக்கூடாது.

விளையாட்டு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஐ.நா. உடன்படிக்கையின் 31-ஆவது உறுப்பு, ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்கிறது. இதைச் சொன்ன அடுத்த நிமிடம் யாராவது ஒருவன் கேட்பான்: 'அப்புறம் ஏன் மிஸ் பி.டி. பீரியட்ல கணக்கு நடத்துறீங்க?' அங்கே நீங்கள் சிரித்து மழுப்பினால் அந்த வாரம் முழுக்க நீங்கள் சொல்லப்போகும் எதையும் அவர்கள் நம்ப மாட்டார்கள். 'நீ சொல்றது சரி, இனிமேல் எடுக்க மாட்டேன்' என்று சொல்லி, அதன்படி நடந்தால் உரிமை என்றால் என்ன என்று விளக்கவே வேண்டியதில்லை.

உங்கள் சக ஆசிரியர்களின் கவலைக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. முட்டி போட வைப்பது, 'மக்கு' என்பது, சாதியை ஞாபகப்படுத்துவது, சாதி பார்த்துச் சில பிள்ளைகளை மட்டும் கழிப்பறை கழுவ அனுப்புவது எல்லாம் கூடாதவை. கடைசியாகச் சொன்னது தீண்டாமை, அரசியலமைப்பின் 17-ஆவது உறுப்பே அதை ஒழித்திருக்கிறது. மேசை மேல் பிரம்பை வைத்துக்கொண்டு கரும்பலகையில் 'குழந்தை உரிமைகள்' என்று எழுத முடியாது. பிரம்பில்லாமல் வகுப்பை நடத்த நமக்குச் சரியான பயிற்சி கிடைக்கவில்லை என்பது நியாயமான குறை. அதைப் பயிற்சிக் கூட்டங்களில் உரக்கக் கேளுங்கள். பிள்ளைகள் அடங்க மாட்டார்கள் என்பதை நான் பார்த்த வரையில் ஒப்புக்கொள்ள மாட்டேன். முதல் இரண்டு வாரம் எதற்கெடுத்தாலும் 'அது என் உரிமை' என்பார்கள், உண்மைதான். அப்போது, பக்கத்தில் இருப்பவனுக்கும் அதே உரிமை உண்டே, மைதானம் முழுவதையும் பையன்களே எடுத்துக்கொண்டால் பெண் பிள்ளைகள் எங்கே விளையாடுவார்கள் என்று கேட்டால் அவர்களே முறை வைத்துக்கொள்வார்கள். 'கடமையைச் செய்தால்தான் உரிமை' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையை அடிக்கலாம் என்று அதற்கு அர்த்தமாகிவிடும்.

இனி உடல் பாதுகாப்பு. இதை வாரத்தின் நடுவில் வையுங்கள், அதற்குள் உங்கள் மேல் கொஞ்சம் நம்பிக்கை வந்திருக்கும். ஆணும் பெண்ணும் சேர்ந்தே உட்காரட்டும். போக்சோ சட்டம் இருபாலருக்கும் பொது. பையன்களுக்கு இது நடக்காது என்ற நினைப்புதான் பல பையன்களை வாய்மூட வைக்கிறது. உறுப்புகளின் பெயரைத் தயங்காமல், கண், காது என்று சொல்கிற அதே குரலில் சொல்லுங்கள். பெயர் தெரியாத பிள்ளையால் நடந்ததைச் சொல்ல முடியாது. அம்மா குளிப்பாட்டுவது, அம்மா பக்கத்தில் இருக்கும்போது டாக்டர் பார்ப்பது வேறு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 'நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவதில் ஒரு ஓட்டை இருக்கிறது. தவறு செய்பவர் பெரும்பாலும் பிள்ளைக்குத் தெரிந்தவர், மிட்டாய் வாங்கிக் கொடுப்பவர், பாசமாகப் பேசுபவர். பிள்ளைக்கு அது 'கெட்டது' என்றே தோன்றாமல் இருக்கலாம். அதைவிட ரகசியத்தைப் பற்றிச் சொல்வது நன்றாக வேலை செய்கிறது. அக்காவின் பிறந்தநாளுக்கு வாங்கிய பரிசு ஒரு ரகசியம், அது நாளைக்கு எல்லாருக்கும் தெரிந்துவிடும். 'அம்மாகிட்ட சொல்லாத, சொன்னா உன்னத்தான் அடிப்பாங்க' என்று ஒரு பெரியவர் சொன்னால் அது வைத்துக்கொள்ளக்கூடாத ரகசியம். யார் சொன்னாலும், மாமா சொன்னாலும், வாத்தியார் சொன்னாலும்.

பிறகு ஒவ்வொரு பிள்ளையும் தன் கையைத் தாளில் வைத்து வரையட்டும். ஒவ்வொரு விரலுக்கும், கஷ்டம் வந்தால் சொல்லக்கூடிய ஒரு பெரியவரின் பெயர். ஐந்தில் ஒருவராவது வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். இரண்டு விரலோடு நின்றுவிடும் கைகள் இருக்கும். எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள். அந்தப் பிள்ளைகளோடு அடுத்தடுத்த வாரங்களில் கூடுதலாகப் பேசுங்கள். 1098, 14417 ஆகிய இரண்டு எண்களையும் சொல்லிக் கொடுங்கள். முதலாவது குழந்தைகளுக்கான உதவி எண், இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம். மற்றது நம் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண். ஆனால் எண்ணை மட்டும் நம்பியிருக்க முடியாது, எட்டு வயதுப் பிள்ளையின் கையில் தனியாக ஒரு போன் இருப்பது அரிது. இருந்தாலும் என்ன பேசுவது என்று தெரியாது. 'என் பேர் இது, ஊர் இது, எனக்கு உதவி வேணும்' என்பதை வகுப்பில் நடித்துப் பழகட்டும், உண்மையில் டயல் செய்யாமல்.

பயந்துவிடுவார்களா என்றீர்கள். இதில் எனக்குத் தைரியம் தருவது சொந்த அனுபவம் மட்டும் இல்லை. ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் சர்வதேச அமைப்பான காக்ரேன் 2015-இல் வெளியிட்ட தொகுப்பு, பள்ளிகளில் நடத்தப்படும் இத்தகைய பாடங்கள் பற்றி உலகின் பல இடங்களில் நடந்த 24 ஆய்வுகளை, ஏறக்குறைய 5,800 பிள்ளைகளிடம் நடந்தவற்றை, ஒன்றுசேர்த்துப் பார்த்தது. பிள்ளைகளின் அறிவு கூடுகிறது, ஆறு மாதம் வரையாவது நிற்கிறது, பயமோ பதற்றமோ கூடியதாகத் தெரியவில்லை என்பது அதன் முடிவு. ஆனால் இப்படிப் படித்த பிள்ளைகளுக்குத் துன்புறுத்தல் நடப்பது குறைகிறதா என்பதை அந்த ஆய்வுகளால் நிறுவ முடியவில்லை. இந்த வித்தியாசத்தை மறக்காதீர்கள். 'பாடம் நடத்திவிட்டோம், இனி நம் பிள்ளைகள் பத்திரம்' என்று தலைமையாசிரியர் அறிக்கை அனுப்பினால் அது உண்மை இல்லை. பிள்ளைக்குத் தெரிந்திருப்பது ஒன்று, பிள்ளையைச் சுற்றியிருக்கும் பெரியவர்கள் நடந்துகொள்வது வேறொன்று.

அதனால்தான் பாடத்துக்கு முன்பே பெரியவர்கள் தயாராக வேண்டும் என்கிறேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். வாரம் தொடங்கும் முன், கூலி வேலைக்குப் போகிறவர்களும் வரக்கூடிய மாலை நேரத்தில் கூட்டம் போட்டு, வகுப்பில் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று அப்படியே நடத்திக் காட்டுங்கள். டி.சி., சத்துணவு என்று தொடங்கினால் அவர்களே பேச ஆரம்பிப்பார்கள். சண்டைக்கு வரும் பெற்றோர், பெரும்பாலும் முன்கூட்டிச் சொல்லாததால் வருகிறவர்கள். பல அம்மாக்கள் 'எங்களுக்கு இதை யாருமே சொல்லலையே' என்பார்கள்.

இப்போது நீங்கள் பாதியில் நிறுத்திய கேள்வி. ஒரு பிள்ளை சொல்லிவிட்டால்? முதலில், வகுப்பின் நடுவே சொல்ல ஆரம்பித்தால் 'இதை நாம தனியாப் பேசலாம்மா, கண்டிப்பாக் கேக்குறேன்' என்று மெதுவாக நிறுத்தி, அன்றைக்கே தனியாகக் கேளுங்கள். 'யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள், காப்பாற்ற முடியாது. 'உனக்கு உதவி செய்றவங்ககிட்ட மட்டும் சொல்வேன்' என்று சொல்லுங்கள். துருவித் துருவிக் கேட்காதீர்கள், 'அவர்தானே செஞ்சாரு?' என்று வாயில் வார்த்தையைப் போடாதீர்கள். நான் உன்னை நம்புகிறேன், உன் மேல் தப்பில்லை என்ற இரண்டையும் சொல்லுங்கள். பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே, தேதி நேரத்தோடு எழுதிவையுங்கள். ஹெச்.எம்., இன்னொரு டீச்சர், தாளாளர் என்று ஒவ்வொருவர் முன்னாலும் நிறுத்தி மறுபடி சொல்லவைப்பது பிள்ளையையும் உடைக்கும், வழக்கையும் கெடுக்கும். குழுவில் இருந்தபோது என்னை அதிகம் வருத்தியது இதுதான்.

பாலியல் குற்றம் நடந்திருக்கிறது அல்லது நடக்கக்கூடும் என்று தெரிய வந்தால், காவல்துறைக்கோ சிறப்பு இளஞ்சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிப்பது சட்டப்படி உங்கள் கடமை. 1098-ஐ அழைத்தால் அவர்கள் கூட நிற்பார்கள். உண்மையா பொய்யா என்று விசாரிப்பது உங்கள் வேலை இல்லை. தலைமையாசிரியரிடம் சொன்னதோடு உங்கள் கடமை முடிந்துவிடாது. தெரிந்தும் தெரிவிக்காதவருக்கு ஆறு மாதம் வரை சிறை, தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்த நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை. நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர் மேல் வழக்குப் போட முடியாது. குற்றம் சாட்டப்பட்டவரைக் கூப்பிட்டுப் பேசுவது, ஊர்ப் பெரியவர்களை வைத்துச் சமாதானம் செய்வது, பிள்ளையின் பெயரை வாட்ஸ்ஆப் குழுவில் போடுவது மூன்றும் கூடவே கூடாது. பிள்ளைக்கு நீங்கள் உண்மையாகவே சொல்லக்கூடிய ஆறுதல் சட்டத்திலேயே இருக்கிறது: வாக்குமூலம் வாங்கும் காவலர் சீருடையில் வரக்கூடாது, உன் வீட்டிலேயே பேசலாம், நீ நம்புகிறவர் பக்கத்தில் இருக்கலாம், இரவில் உன்னை ஸ்டேஷனில் வைத்திருக்கக்கூடாது. இவை எல்லா இடத்திலும் முழுதாக நடக்கின்றன என்று சொல்ல மாட்டேன். நடக்காதபோது கேட்பதற்காகத்தான் நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

எல்லா விஷயமும் போலீசுக்குப் போவதில்லை. அப்பா குடித்துவிட்டு அடிக்கிறார், வீட்டில் ராத்திரிச் சாப்பாடு இல்லை, அக்காவுக்குப் பதினாறு வயதில் கல்யாணம் பேசியிருக்கிறார்கள் என்றெல்லாம் வரும். குழந்தைத் திருமணம் என்றால் மாவட்ட சமூகநல அலுவலருக்கும் 1098-க்கும் உடனே தெரிவியுங்கள், மண்டபத்துக்குப் போன பிறகு நிறுத்துவது எல்லாருக்கும் கஷ்டம். மற்றவை குழந்தைகள் நலக் குழுவுக்கு வரலாம். 'சொன்னா என்ன ஹாஸ்டல்ல போட்டுருவாங்களா?' என்று பிள்ளைகள் கேட்பார்கள். இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழிதான், குடும்பத்தோடு இருக்க வைப்பதே முதல் முயற்சி என்று குழந்தைகளின் பராமரிப்புக்கும் பாதுகாப்புக்குமான 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் சொல்கிறது, எங்கள் குழுவும் அப்படித்தான் முயன்றது. ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்த வாக்குறுதியைக் கொடுக்க முடியாது. 'உன்னக் கேக்காம முடிவு பண்ண மாட்டாங்க, நான் உன்கூட வர்றேன்' என்பது வரை சொல்லலாம். சொன்னால் கூடப் போக வேண்டும்.

கடைசியாக, நாள் குறிப்பது பற்றி. பிள்ளைகள் பெரும்பாலும் பாடம் நடந்த அன்று சொல்வதில்லை. மூன்று வாரம் கழித்து நோட்டுத் திருத்தக் கொடுக்கும்போது, சாப்பாட்டு வரிசையில், மற்றவர்கள் போன பிறகு பையை மெதுவாக மூட்டை கட்டிக்கொண்டு வந்து சொல்லும். எனவே உடல் பாதுகாப்புப் பாடத்தை அரையாண்டு விடுமுறையை ஒட்டியோ, நீங்கள் பயிற்சிக்குப் போகவிருக்கும் வாரத்திலோ வைக்காதீர்கள். பாடம் முடிந்த பிறகு ஒரு மாதமாவது நீங்கள் அதே வகுப்பில் இருப்பது மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு முடிந்தால் நவம்பருக்குக் காத்திராமல் ஜூலையிலேயே தொடங்கிவிடுங்கள்.